தெரிதா யாருக்கும் லீவு கொடுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆன்லைன் வகுப்புகளை ஆதரித்து ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வாரமே அதைத் திட்டி இரண்டு கடிதங்கள் வந்தன. மூன்றையும் படித்தேன். பாடம் நேரில் நடக்க வேண்டுமா, திரையில் நடக்கலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை வேறு இடத்தில். கட்டுரையாளர், நேரில் இருத்தல் என்பதே ஒரு மாயை என்று பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதா நிரூபித்துவிட்டாராம், ஆகவே பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் என்ன, திரையில் இருந்தால் என்ன என்று முடிக்கிறார். பதில் எழுதிய வாசகர்களில் ஒருவரோ ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, இந்தக் கணத்தில் முழுமையாக இருங்கள், போனைத் தூக்கி எறியுங்கள் என்பதே ஐரோப்பியத் தத்துவம் நமக்குச் சொல்லும் பாடம் என்கிறார். இரண்டு பேரும் அந்தப் புத்தகங்களின் அட்டையோடு நின்றுவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். கல்லூரியில் தத்துவம் நடத்திப் பிழைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், வெட்டியே ஆக வேண்டுமென்றால் நடுவில் எங்காவது வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஹைடெக்கரை முடித்துவிடலாம், ஏனென்றால் அது சின்ன விஷயம். 1927இல் வந்த அவருடைய பெரிய புத்தகம், அந்த வாசகர் சொல்வதற்குக் கிட்டத்தட்ட நேர் எதிரான புகாரோடுதான் தொடங்குகிறது. கிரேக்கர்கள் காலம் தொட்டு மேற்கத்தியத் தத்துவம், ஒன்று இருக்கிறது என்றாலே அது இப்போது கண்ணெதிரே இருக்கிறது என்றே புரிந்துகொண்டு வந்திருக்கிறது, காலத்தின் மூன்று பக்கங்களில் நிகழ்காலத்துக்கு மட்டும் பட்டாபிஷேகம் செய்து வைத்திருக்கிறது என்பது அவருடைய குறை. ஆணி அடித்துக்கொண்டிருக்கும் தச்சர் சுத்தியலைப் பார்ப்பதே இல்லை. கைப்பிடி உடைந்த பிறகுதான் அது ஒரு பொருளாக அவர் எதிரில் கிடக்கிறது. மனிதனும் அப்படியே, இந்தக் கணத்தில் அடைந்து கிடப்பவன் இல்லை, எப்போதும் தனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பவன், இன்னும் வராததை வைத்தே இன்றைக்கு வாழ்பவன். 'இந்தக் கணத்தில் இருங்கள்' என்பது தினசரிக் காலண்டரில் வரும் வாசகம், ஹைடெக்கர் இல்லை. அதோடு, 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். எப்படி வாழ வேண்டும் என்று கேட்க அவரிடம் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இனி தெரிதா. கட்டுரையின் பாரம் முழுக்க அவர் தலையில்தான் இறங்கியிருக்கிறது.

1967இல், ஒரே ஆண்டில், மூன்று புத்தகங்கள் வெளியிட்டார். எல்லோரும் பெயர் சொல்வது எழுத்தைப் பற்றிய தடிமனான புத்தகத்தை. ஆனால் இந்த விவகாரத்தின் முடிச்சு ஹுசர்ல் என்ற ஜெர்மன் தத்துவவாதியைப் பற்றிய மெல்லிய புத்தகத்தில் இருக்கிறது. ஹுசர்ல் என்ன சொன்னார்? நான் உங்களிடம் பேசும்போது என் சொற்கள் என் மனதில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் குறிகளாக வேலை செய்கின்றன, காரணம் என் மனம் உங்களுக்குத் தெரியாது. ஆனால் நான் எனக்குள்ளேயே பேசிக்கொள்ளும்போது குறிக்கு வேலை இல்லை. நினைக்கிற அதே கணத்தில் நினைப்பு எனக்கு எட்டிவிடுகிறது, எனக்கு நானே எதையும் தெரிவிக்க வேண்டியதில்லை. இதற்கு அவர் தரும் உதாரணம் அழகானது: 'நீ செய்தது தப்பு, இனிமேல் இப்படி நடக்கக் கூடாது' என்று ஒருவன் தன்னைத்தானே கடிந்துகொள்கிறான். பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒரே ஆள், நடுவில் இம்மி இடைவெளி கிடையாது. சுத்தமான பிரசன்னம், அதாவது இம்மியும் விலகாமல் முன்னால் இருத்தல், என்று உலகத்தில் ஒன்று இருக்குமானால் அது இங்கேதான் இருந்தாக வேண்டும்.

தெரிதா கை வைத்ததும் இங்கேதான். வெளியிலிருந்து ஓர் எதிர்வாதத்தைக் கொண்டுவந்து ஹுசர்லை அடிக்கவில்லை, ஹுசர்லையே எடுத்து ஹுசர்லிடம் காட்டினார். 1905இல் காலத்தைப் பற்றி ஹுசர்ல் நடத்திய வகுப்புகள் இருக்கின்றன, பின்னால் 1928இல் ஹைடெக்கரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தவை. அதில் ஹுசர்ல் ஒரு மெட்டை எடுத்துக்கொள்கிறார். ஒரு ஸ்வரம் காதில் விழும்போது சற்றுமுன் போன ஸ்வரம் முழுதாக மறைந்துவிடுவதில்லை, போய்விட்டதாகவே கூடவே தங்கி நிற்கிறது. வரப்போகும் ஸ்வரத்தை மனம் இப்போதே எட்டிப்பிடிக்கப் பார்க்கிறது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் தனித்தனிச் சத்தங்கள்தான், மெட்டு என்று ஒன்று காதுக்குக் கிடைக்காது. சரி, அப்படியானால் 'இப்போது' என்பது ஒரு புள்ளி இல்லை, அதற்குள்ளேயே போனதும் வராததும் கலந்திருக்கின்றன. அப்புறம் எப்படி 'அதே கணத்தில்' என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? தனக்குத்தானே பேசிக்கொள்கிறவனுக்கும் அவனுடைய சொல்லுக்கும் நடுவில் ஒரு நூலிழை இடைவெளி விழுந்துவிட்டதே. அவன் தன்னை 'நீ' என்று கூப்பிடுகிறான் பாருங்கள், அந்தச் சொல் அவனுக்கு முன்பே பேசப்பட்டது, அவன் போன பிறகும் பேசப்படும்.

இதிலிருந்து 'ஆகவே நேரில் இருத்தல் மாயை' என்று வருகிறதா? எப்படிப் பார்த்தாலும் வரவில்லை. மெட்டு காதில் விழவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. விழுகிறது, ஆனால் இல்லாதவற்றின் சுவடு கலந்தே விழுகிறது, அவ்வளவுதான். கலப்படமே இல்லாத பிரசன்னம் எங்கேயும் கிடையாது என்பது வேறு, பிரசன்னமே கிடையாது என்பது வேறு. கட்டுரையாளர் முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதை எழுதிவிட்டார்.

போனைத் திட்டும் வாசகருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பேசப்படும் சொல்லுக்குப் பக்கத்தில் பேசியவன் நிற்கிறான், கேள்வி கேட்டால் பதில் சொல்வான். எழுதப்பட்ட சொல்லோ அப்பன் இல்லாத பிள்ளையாக ஊர் சுற்றுகிறது, யார் கையில் கிடைத்தாலும் அடி வாங்குகிறது, எழுத்து வந்தால் மனிதர்கள் நினைவாற்றலை இழப்பார்கள் என்றெல்லாம் பிளேட்டோ சாக்ரடீஸின் வாயால் சொல்ல வைத்தார். போன் வந்து பிள்ளைகளின் கவனம் போச்சு என்ற புலம்பல் இரண்டாயிரத்து நானூறு வருஷத்துப் பழைய புலம்பல், அன்றைக்கு வில்லன் எழுத்து, இன்றைக்குத் திரை. பிளேட்டோ அதை எழுதித்தான் வைத்தார், நம் வாசகரும் எழுதித்தான் அனுப்பியிருக்கிறார்.

நம் கல்லூரிகளில் ப்ராக்ஸி கொடுப்பது என்று ஒரு கலை உண்டு, தெரியும்தானே. வருகைப்பதிவு எடுக்கும்போது நண்பனுக்காகக் குரலை மாற்றி 'உள்ளேன் ஐயா' சொல்வது. ஐயா தலையைத் தூக்காமல் பேனாவை ஓட்டிக்கொண்டிருக்கும் வரை இது நடக்கும். இந்தச் சேட்டையைத் தெரிதாவிடம் காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 1971இல் மாண்ட்ரியலில் நடந்த ஒரு தத்துவ மாநாட்டில் அவர் படித்த கட்டுரை கிட்டத்தட்ட இதைப் பற்றித்தான். ஒரு கையெழுத்து கையெழுத்தாகச் செல்லுபடியாக வேண்டுமானால் அது திரும்பத் திரும்பப் போடத்தக்கதாக இருக்க வேண்டும். திரும்பப் போடத்தக்கது எதுவோ அதை இன்னொருவனும் போட்டுவிடலாம். போலியாக்க முடியாத கையெழுத்து என்று ஒன்று இருந்தால் அது கையெழுத்தே இல்லை. அந்தக் கட்டுரையை அச்சில் கொண்டுவந்தபோது அடியில் தன் கையெழுத்தையே போட்டு விளையாடினார் மனுஷன். 'உள்ளேன் ஐயா'வும் அப்படியே. நான் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு சத்தமாக அது இருந்தால் ஐயாவுக்கு அது புரியவே புரியாது. எல்லாரும் சொல்லக்கூடியதாக இருப்பதால்தான் நான் அதைச் சொல்லி என் வருகையைப் பதிகிறேன், அதனாலேயே என் நண்பனும் எனக்காகச் சொல்லிவிட முடிகிறது. ஆனால் ப்ராக்ஸி சாத்தியம் என்பதால் வந்தவனும் வராதவனும் ஒன்று என்று தெரிதா சொன்னாரா? சொல்லவில்லை. வந்தவன் பெயரால் சொல்லப்படும் சொல்லுக்குள்ளும் வராமல் போவதற்கான இடம் இருக்கிறது என்றார். இதைப் பிடித்துக்கொண்டு யாரும் லீவு லெட்டர் எழுத முடியாது.

வருகைப்பதிவு என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கட்டுரையாளர் தெரிதாவைப் 'பாரிஸ்காரர்' என்று ஒரு சொல்லில் கடந்துபோகிறார். அவர் பிறந்தது 1930இல், அன்றைக்குப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் பக்கத்து எல் பியாரில், யூதக் குடும்பத்தில். 1942 அக்டோபரில் பள்ளி திறந்த முதல் நாளே அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசு யூதப் பிள்ளைகளுக்கு வைத்த ஒதுக்கீட்டு வரம்பில் அவருக்கு இடம் இல்லை. பன்னிரண்டு வயது. வெளியேற்றப்பட்ட யூத ஆசிரியர்கள் சேர்ந்து நடத்திய பள்ளியில் பெயரைப் பதிந்துவிட்டு, அங்கேயும் போகாமல் பல மாதம் வீட்டுக்குத் தெரியாமல் கட் அடித்திருக்கிறார். யார் உள்ளே, யார் வெளியே, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு நூலகத்தில் கிடைத்தது இல்லை.

பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தெரிதாவை மடக்கப் பார்த்ததும் புதிது இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 1992இல் கேம்பிரிட்ஜ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கக் கிளம்பியபோது, தத்துவவாதி குவைன், கணிதவியலாளர் ரெனே தோம் போன்ற பெரிய பெயர்கள் கையெழுத்திட்டு லண்டன் டைம்ஸ் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட்டார்கள், தெளிவும் இல்லை, ஒழுங்கான வாதமும் இல்லை, பட்டம் கொடுக்காதீர்கள் என்று. வாக்கெடுப்பு நடந்தது, ஆதரவு 336, எதிர்ப்பு 204, பட்டம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதத்தில் அவர் எழுதியதாக ஒரு சிலேடையைக் காட்டியிருந்தார்கள், அப்படி ஒன்றைத் தான் எங்குமே எழுதவில்லை என்று தெரிதா பதில் சொன்னார். எதிரிகள் செய்ததை நம் ஊர் ஆதரவாளர் செய்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான்.

சொல்லப்போனால் நேரில் போவதில் தெரிதா கெட்டிக்காரர். 1995 டிசம்பர் 25 அன்று தத்துவவாதி லெவினாஸ் இறந்தார், இரண்டு நாள் கழித்துப் பாந்தான் கல்லறைத் தோட்டத்தில் நின்று அவருக்கு விடைகொடுத்துப் பேசியவர் தெரிதா. பார்த், ஃபூக்கோ, அல்தூசர், டெலூஸ் என்று கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போகப் போக அவர் பேசியதும் எழுதியதும் தனிப் புத்தகமாகவே இருக்கிறது. நேரில் வருவது வீண் என்று நினைக்கிறவர் இத்தனை சாவுக்குத் துக்கம் கேட்டிருக்க மாட்டார். 2004 அக்டோபரில் அவர் முறை வந்தபோது சடங்கு வேண்டாம், இரங்கல் உரை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, தானே சில வரிகளை எழுதி வைத்திருந்தார். கல்லறையருகே மூத்த மகன் பியர் அதைப் படித்தார். நான் எங்கே இருந்தாலும் அங்கிருந்து உங்களைப் பார்த்துப் புன்னகைக்கிறேன் என்று முடிகிறது. எழுதியவன் இல்லாத இடத்தில் எழுத்து வேலை செய்கிறது என்ற தன் வாதத்தைக் கடைசியாக ஒரு தரம் நடத்திக் காட்டிவிட்டார் என்று சொல்லலாம், ஆனால் அதைக் கேட்க, அவரை அடக்கம் செய்த ரிஸ்-ஒராஞ்சிஸுக்குப் பிள்ளைகளும் நண்பர்களும் நேரில் வந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தெரிதாவோடு கதை முடிந்துவிடவும் இல்லை. கட்டுரையாளர் 1967இலேயே கடையைச் சாத்திவிட்டார்.

ஹான்ஸ் உல்ரிச் கும்ப்ரெக்ட் என்று ஒருவர், ஜெர்மனியில் பிறந்து கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் பல காலம் இலக்கியம் நடத்தியவர், 2004இல் பிரசன்னத்தைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். அவர் குறை பல்கலைக்கழகங்கள் மீது. எதை எடுத்தாலும் 'இதன் அர்த்தம் என்ன' என்று மட்டுமே கேட்கிறோம், அந்தப் பொருள் ஓர் இடத்தில், நம் உடம்புக்குத் தொடும் தூரத்தில் வந்து நின்று நம்மை என்ன செய்கிறது என்பதைக் கேட்பதே இல்லை. மைதானத்தில் ஒரு நல்ல பாஸ் போகும்போது கூட்டம் எழுந்து நிற்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லை, அது நடந்தது, அவ்வளவுதான். விளையாட்டின் அழகைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதிய ஆள் அவர். இந்த விவகாரத்தின் பழைய வேரையும் அவர் காட்டுகிறார். அது நற்கருணை, தேவாலயத்தில் அப்பத்தைப் பகிரும் சடங்கு. இடைக்கால ஐரோப்பாவில் பீடத்தில் இருந்த அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே அங்கே இருந்தது. சீர்திருத்தக்காரர்களில் ஒரு சாரார் அதை உடலைக் குறிக்கும் அடையாளமாக மாற்றினார்கள். 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் சீர்திருத்தத் தலைவர்கள் லூதரும் ஸ்விங்லியும் உட்கார்ந்து பேசினார்கள், லூதர் மேசை மேல் சாக்பீஸால் 'இது என் உடல்' என்று எழுதி வைத்துக்கொண்டு அதிலிருந்து இம்மியும் நகரவில்லை. பதினைந்து விஷயத்தில் பதினான்கில் ஒத்துப்போனவர்கள், மீதி இருந்த இந்த ஒன்றில், அதாவது அவர் உண்மையிலேயே அங்கே இருக்கிறாரா, குறிக்கப்படுகிறாரா என்பதில், ஒத்துப்போகாமலே பிரிந்தார்கள். வகுப்பில் இருப்பதா திரையில் இருப்பதா என்று நாம் இன்றைக்குப் போடும் சண்டைக்கு இவ்வளவு பெரிய தாத்தா இருக்கிறார். கும்ப்ரெக்டும் இடைக்காலத்துக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை. நமக்கு அர்த்தமும் பிரசன்னமும் மாறி மாறித்தான் கிடைக்கும், பிரசன்னம் மின்னலடித்துவிட்டுப் போய்விடும், பிடித்து வைக்க முடியாது என்கிறார்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடம். 2020.

அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில், இத்தாலியில் கொரோனா பரவத் தொடங்கிய நேரம், இத்தாலியத் தத்துவவாதி ஜார்ஜோ அகம்பென் ஒரு நாளிதழில் எழுதினார், இது இல்லாத அவசரத்தைக் காட்டி அரசு கொண்டுவரும் கட்டுப்பாடு என்று. அடுத்த நாளோ மறுநாளோ பதில் எழுதினார் ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-லுக் நான்சி. சின்னப் பதில், கடைசியில் ஒரு குண்டு. அகம்பென் என் பழைய நண்பர், ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்னால் டாக்டர்கள் எனக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை தேவை என்று முடிவு செய்தபோது, அவர்கள் பேச்சைக் கேட்காதே என்று சொன்ன மிகச் சிலரில் அவரும் ஒருவர், அவர் பேச்சைக் கேட்டிருந்தால் நான் சீக்கிரமே செத்திருப்பேன் என்றார். கோபமே இல்லாமல் எழுதியிருந்தார், தப்பு எல்லோருக்கும் வரும் என்று. தத்துவச் சண்டைகளில் இவ்வளவு சுருக்கமாக ஒரு பதிலை நான் படித்ததில்லை.

மே மாதம் அகம்பென் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆன்லைன் வகுப்பைப் பற்றியே எழுதினார். வகுப்பறை போய்விட்டது, மாணவர்கள் ஊர்விட்டு ஊர் வந்து ஒன்றாக வாழ்ந்து படித்த அந்த வாழ்க்கை முறையே செத்துவிட்டது, திரையில் பாடம் நடத்தச் சம்மதிக்கும் பேராசிரியர்கள் 1931இல் ஃபாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்த பேராசிரியர்களுக்குச் சமம் என்றார். எனக்கு அது கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், பெயரின் முதலெழுத்து மட்டும் தெரியும் கறுப்புக் கட்டங்களைப் பார்த்து ஹுசர்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், 'கேக்குதா? கேக்குதா?' என்பது என் பாடத்தின் பாதியாக ஆகியிருந்தது. டேட்டா தீர்ந்துபோகும் என்று பயந்து வீடியோவை அணைத்து வைத்த பிள்ளைகளையும், சிக்னலுக்காக மொட்டை மாடி வெயிலில் குடையோடு உட்கார்ந்தவர்களையும் முசோலினி காலத்தோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அகம்பென் சொன்னதில் எல்லாவற்றையும் தள்ள முடியாது, அதையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: நமக்கு வேண்டியவர்கள் தனியாகச் சாகவும், அடக்கச் சடங்கு இல்லாமல் எரிக்கப்படவும் எப்படிச் சம்மதித்தோம்? மார்ச் 18 இரவு இத்தாலியின் பெர்காமோவிலிருந்து ராணுவ லாரிகள் வரிசையாகச் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வெளியூர்த் தகனக்கூடங்களுக்குப் போன காட்சியை எல்லோரும் பார்த்தோம். நேரில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அந்த ஊர்க்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். அகம்பெனின் கேள்வி சரி. கோளாறு எங்கே என்றால், நேரில் இருத்தலை அவர் ஒரு சுத்தமான பொருளாக, முன்பு முழுதாக இருந்து இப்போது களவு போனதாக வைத்துக்கொண்டார். அப்படி வைத்துக்கொண்டால், பிறகு அதைத் தொட்டவன் எல்லாம் துரோகி ஆகிவிடுகிறான்.

நான்சிக்கு அப்படி நினைக்க வழியே இல்லை, அவர் உடம்பு விடவில்லை. 1991இல் அவருக்கு இன்னொருவருடைய இதயத்தை வைத்தார்கள். யாருடையது என்று தெரியாது, ஆணா பெண்ணா, கறுப்பரா வெள்ளையரா, ஒன்றும் தெரியாது. அதைப் பற்றி 'ஊடுருவி வந்தவன்' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு சிறு நூல் எழுதினார், ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம், படித்தால் கொஞ்ச நாள் தூக்கம் சரியாக வராது. என் இதயம் என்று நான் சொன்னதுதான் முதலில் என்னைக் கைவிட்டது, அதாவது என் சொந்த இதயமே எனக்கு அந்நியமானது என்று தொடங்குகிறார். பிறகு அந்நிய இதயம் வருகிறது, உடம்பு அதைத் தள்ளப் பார்க்கிறது, தள்ளாமல் இருக்க நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து. எதிர்ப்பைக் குறைத்தால் இத்தனை வருஷமாக உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்த பழைய வைரஸ்கள் எழுந்து வருகின்றன, அக்கி வருகிறது, அதாவது ஊடுருவியவர்கள் முன்பே உள்ளே குடியிருந்திருக்கிறார்கள். பிறகு அந்த மருந்தினாலேயே புற்றுநோய், அதற்கு மேலும் சிகிச்சை. இத்தனைக்கும் நடுவில் 'நான்' என்று சொல்கிறவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கிறார். 'எனக்கு நான் இடைவெளியே இல்லாமல் முன்னால் இருக்கிறேன்' என்ற ஹுசர்லின் எண்ணத்துக்குத் தெரிதா புத்தகத்தில் கொடுத்த பதிலை நான்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொடுத்தார். அந்த இதயத்தோடு முப்பது வருஷம் இருந்தார், 2021 ஆகஸ்டில் இறந்தார்.

இதைக் கவனியுங்கள், இந்த மனிதர்தான் பிரசன்னம் என்ற சொல்லைத் தூக்கிப் போடாமல் திரும்பக் கையில் எடுத்தவர். பிரசன்னம் என்பது வந்து சேர்ந்து உட்கார்ந்துவிட்ட நிலை இல்லை, வந்துகொண்டே இருப்பது, பிறந்துகொண்டே இருப்பது என்றார். அதுவும் தனியாக இல்லை, யாரோ ஒருவரோடு. தொடுவது என்றால்கூட இரண்டு தோல்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி இருந்தால்தான் தொட முடியும், இடைவெளி போய்விட்டால் தொடுதலும் போய்விடும். தெரிதா இதில் சந்தேகங்களோடு, ஆனால் நிறைய அன்போடு, 2000இல் நான்சியைப் பற்றித் தொடுதலை மையமாக வைத்து ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஆகவே தெரிதாவுக்குப் பிறகு நேரில் இருத்தலைப் பற்றிப் பேசவே கூடாது என்று அந்த வட்டத்தில் யாரும் தடை போடவில்லை. எப்படிப் பேசுவது என்பதில்தான் அவர்கள் கஷ்டப்பட்டார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் கப்ரியேல் மார்செல் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி ஒருவர் இருந்தார், இன்றைக்கு அவரை அதிகம் பேர் படிப்பதில்லை. முதல் உலகப் போரில் உடல்நிலை காரணமாகப் போர்முனைக்குப் போக முடியாமல், பாரிஸில் செஞ்சிலுவைச் சங்கத்தில் காணாமல் போன சிப்பாய்களைப் பற்றிய விவரப் பிரிவில் வேலை பார்த்தார். அவர் கையில் இருப்பது அட்டைகள், பெயர், படைப்பிரிவு, கடைசியாகப் பார்த்த இடம். எதிரில் வந்து நிற்பது அம்மாவோ மனைவியோ. அந்த மேசையில் உட்கார்ந்த பிறகு அட்டையில் இருப்பவனும் அந்த அம்மா தேடுகிறவனும் ஒரே ஆள் என்று அவரால் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. பின்னால் எழுதும்போது, ஒரே அறையில் உட்கார்ந்து உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டே ஒருவன் என்னிடம் இல்லாமல் இருக்க முடியும், கேட்பதிலேயே கொடுக்கிற கேட்பும் உண்டு, மறுக்கிற கேட்பும் உண்டு என்றார். கடைசி பெஞ்சைப் பார்த்துப் பாடம் நடத்திய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆன்லைன் காலத்தில் எனக்கு அதன் மறுபக்கமும் கிடைத்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், இரவு பதினோரு மணிக்கு, என்னிடம் எழுத்தில் கேட்டாள், 'ஐயா, எனக்குள்ளே நான் பேசும்போது அது என் அம்மா குரல்ல கேக்குது, அப்ப ஹுசர்ல் சொல்றது சரியா?' ஹுசர்லுக்கு இதைவிடக் கூர்மையான கேள்வியை என் வகுப்பறையில் யாரும் கேட்டதில்லை. அவள் அங்கே இருந்தாளா இல்லையா என்று கேட்டால் நான் இருந்தாள் என்பேன். அதே பெண் பிறகு கல்லூரி திறந்தபோது நேரில் வந்தாள், அப்போது நடந்தது வேறு, திரையில் அது நடந்திருக்காது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது.

எனவே ஆன்லைன் வகுப்பை ஆதரிக்கிறவர் தாராளமாக ஆதரிக்கட்டும். யார் வீட்டில் எத்தனை போன், டேட்டாவுக்கு யார் காசு, செவிலியர் படிப்பையும் வெல்டிங்கையும் திரையில் எப்படிக் கற்றுக்கொடுப்பது, தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வர முடியாத பிள்ளைக்கு வேறு என்ன வழி என்று பேசட்டும். எதிர்க்கிறவரும் அதே மாதிரி, வகுப்பறையில் என்ன நடக்கிறது, திரையில் எது நடக்காமல் போகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கட்டும். இந்தக் கேள்விகளுக்கு 1967ஆம் வருஷத்துப் பாரிஸிலிருந்து ரெடிமேட் பதில் வராது.

கட்டுரையாளர் இதற்குப் பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி எழுதினால், நேரில் இருப்பது மாயை என்று தெரிதா எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

தங்கள்,
நீண்ட நாள் வாசகன்,
திருச்சி.